நானூற்றுப் பதினோராம் பக்கம்

அந்த அலுவலகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முகத்துக்கு நேரே 'மேடம்', முதுகுக்குப் பின்னால் 'அடிக்குறிப்பு'. டீ கொண்டுவருகிறவர்கூட, "அடிக்குறிப்பு இன்னிக்கு எப்படி இருக்கு?" என்று வாசலிலேயே விசாரித்துவிட்டுத்தான் உள்ளே வருவார். அவளுக்கும் இது தெரியும். தெரிந்து என்ன செய்ய, கோபப்படவும் உடம்பில் தெம்பு வேண்டுமே. ஐம்பத்திரண்டு வயதில் மூன்று மாடி ஏறி, ஓடாத லிஃப்டைத் திட்டி முடிப்பதற்குள் அன்றைய கோபமெல்லாம் தீர்ந்துபோயிருக்கும்.

பத்து வக்கீல்கள் இருந்த அலுவலகம். அவளும் சட்டம் படித்தவள்தான், ஆனால் நீதிமன்றத்தில் ஒரு நாளும் எழுந்து நின்று பேசியதில்லை. தேடிக் கொடுப்பதுதான் அவள் வேலை. பின்பக்கத்து நீள அறையில் பதினாறு இரும்பு அலமாரிகள். பாதியில் தீர்ப்புத் தொகுதிகள், மீதியில் சட்டக் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் வெளியிடும் ஆய்விதழ்கள். நடுவே ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், இடது பக்கம் மட்டுமே காற்று தரும் ஒரு மின்விசிறி. இருபத்தாறு வருஷமாக அவள் பகல் பொழுதெல்லாம் அங்கேதான் போயிற்று.

ஒரு வழக்கு வந்தால் எடுத்த எடுப்பில் தீர்ப்புகளுக்குள் குதிக்கக் கூடாது, ஆயிரக்கணக்கில் கிடக்கிற அவற்றில் மூழ்கித்தான் போவோம் என்பாள். முதலில் ஆய்விதழ். யாரோ ஒரு புண்ணியவான் அதே விஷயத்தை வருஷக்கணக்கில் தோண்டி, முப்பது நாற்பது தீர்ப்புகளைப் படித்து, எது எதற்கு எதிர் என்று பிரித்து ஒரு கட்டுரை எழுதி வைத்திருப்பான். பக்கத்தின் மேல்பாதி அவன் பேச்சு, கீழ்ப்பாதி முழுக்கப் பொடி எழுத்தில் அடிக்குறிப்பு. மற்றவர்கள் மேல்பாதியைப் படிப்பார்கள். அவள் கீழ்ப்பாதியில்தான் ஆரம்பிப்பாள்.

"கட்டுரை எழுதினவர் நீதிபதி இல்ல. அவர் கை காட்டுற எடத்துக்கு நீங்க போய்ப் பாத்தீங்களா?" இதைத்தான் அவள் தினமும் எல்லோரிடமும் கேட்பாள். பார்க்கவில்லை என்றால் போச்சு. அந்த வக்கீல் மறுபடி அலமாரிக்குப் போய், தொகுதியை எடுத்து, சொன்ன பக்கத்தைப் பார்த்து, அதற்கு முந்தின பக்கத்தையும் பிந்தின பக்கத்தையும் பார்த்து, அந்தத் தீர்ப்பைப் பிறகு யாராவது மாற்றிவிட்டார்களா என்றும் பார்த்துவிட்டு வரவேண்டும். இவ்வளவும் ஒரே ஒரு அடிக்குறிப்புக்கு. அவளுக்கு அடிக்குறிப்பு என்று பெயர் ஒட்டாமல் வேறு என்ன ஒட்டும்?

வேலையை விட்டு நீக்கியதை எதிர்த்து வழக்குப் போட ஒரு நர்ஸ் வந்தாள். முதன்முதலில் வந்தபோது காலில் ஆஸ்பத்திரிச் செருப்பு போட்டிருந்தாள். வேலை போய் ஒன்பது மாதம் ஆகியும் அதைத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். வேறு செருப்பு காலுக்குச் சரிப்படவில்லையாம். பதினான்கு வருஷம் ஒரே வார்டில் வேலை. ஒரு நோயாளிக்கு மருந்தின் அளவு கூடிப்போனது, அவளைத்தான் கை காட்டினார்கள். ஏழு நாளில் விளக்கம் சொல் என்று நிர்வாகம் வீட்டுக்குக் கடிதம் அனுப்பியது. அந்த ஏழு நாளும் அவள் வேறு ஊரில், சாகக் கிடந்த அம்மாவின் தலைமாட்டில் இருந்தாள். அம்மாவை வழியனுப்பிவிட்டுத் திரும்பி வந்து பூட்டைத் திறந்தபோது கதவுக்கடியில் இரண்டு கடிதங்கள் கிடந்தன. ஒன்று விளக்கம் கேட்டு, இன்னொன்று வேலையை விட்டு நீக்கி.

"நான் தப்புப் பண்ணலக்கா. சார்ட்டுல டாக்டர் எழுதினதத்தான் குடுத்தேன்," என்றாள். "ஆனா நான் பதில் சொல்லலையாம், அதனால ஒத்துக்கிட்டேன்னு அர்த்தமாம். வேற ஆஸ்பத்திரில போய் நின்னா, நீதான் ஒத்துக்கிட்டியாமேன்னு கேக்கறாங்க. நான் எங்க ஒத்துக்கிட்டேன்? யார்கிட்ட ஒத்துக்கிட்டேன்?"

அவள் அழவில்லை. அழுது முடித்துவிட்டு வந்த முகம் அது. வேலை திரும்பக் கிடைக்க வேண்டும், இல்லையென்றால் அந்த 'ஒத்துக்கொண்டாள்' என்ற சொல்லாவது அழிய வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

வழக்கை எடுத்துக்கொண்டவர் சீனியர். அலுவலகமே அவருடையது. அறுபதைத் தொடப்போகிறவர், தொழிலாளர் வழக்குகளில் அவர் வாயைத் திறந்தால் நீதிபதிகள் பேனாவை எடுப்பார்கள் என்று பெயர். ஆஸ்பத்திரித் தரப்பின் பதில் மனு வந்த அன்று அதைக் கையில் பிடித்தபடி அவரே அவள் அறைக்கு வந்தார்.

"என் கையாலயே என் கண்ணக் குத்தறாங்க, பாத்தியாம்மா," என்று சிரித்தார்.

எட்டாம் பக்கத்தில் ஒரு கட்டுரையை எடுத்துக் காட்டியிருந்தார்கள். சட்டக் கல்லூரி இதழ் ஒன்றில் இருபத்தொன்பது வருஷத்துக்கு முன்பு வந்தது, எழுதியவர் சாட்சாத் சீனியரே. அவரை அவராக்கிய கட்டுரை அது. அதில் ஒரு வரி: 'விளக்கம் கேட்டும் பதில் சொல்லாதவர் குற்றத்தை ஒப்புக்கொண்டவரே ஆவார்.' அவருடைய சொந்த வரி அல்ல, உச்ச நீதிமன்றம் சொன்னதாக மேற்கோள். ஆதாரம், அறுபத்தோராம் அடிக்குறிப்பு. அந்தக் கட்டுரையை நம்பி அதற்குப் பிறகு மூன்று தீர்ப்புகள் வந்திருந்தன. மூன்றையும் எதிர்த்தரப்பு வரிசையாக அடுக்கியிருந்தது.

"இத சுத்திக்கிட்டுப் போக ஏதாவது வழி இருக்கா பாரு. அம்மா சாகக் கெடந்தா, கடிதமே கைக்கு வரல, இந்தப் பக்கமாப் போகலாம்," என்றார் சீனியர்.

சிரிப்பு போய்விட்டிருந்தது. மூலத்தைப் பார்த்தாயா என்று அவர் கேட்கவில்லை. ஒவ்வொரு தடவையும் கேட்கிறவர். அவளும் சரி என்று தலையை ஆட்டிவிட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவருக்கு முகத்தைக் காட்ட முடியவில்லை.

எப்படிக் காட்டுவாள்? அந்த அறுபத்தோராம் அடிக்குறிப்புக்கு டிக் போட்டவளே அவள்தான்.

அப்போது அவளுக்கு இருபத்துமூன்று வயது. சட்டக் கல்லூரி இதழில் மாணவர் ஆசிரியர் குழு என்று ஒன்று உண்டு. பெயர்தான் ஆசிரியர், வேலை குமாஸ்தா வேலை. வருகிற கட்டுரைகளின் அடிக்குறிப்பு ஒவ்வொன்றுக்கும் நூலகத்தில் போய் மூலப் புத்தகத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு, ஓரத்தில் டிக் போட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். பார்க்காமல் டிக் போடக் கூடாது என்பது அங்கே ஒரே சட்டம். சீனியர் அப்போது புதிதாகத் தொழிலுக்கு வந்த இளம் வக்கீல். அவர் கட்டுரையில் நூற்று நாற்பது அடிக்குறிப்பு, எல்லாம் அவள் தலையில் விழுந்தன. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். நூற்று முப்பத்தொன்பதைப் பார்த்தாள். அறுபத்தொன்றுக்கான தொகுதி மட்டும் பைண்டிங்குக்குப் போயிருந்தது. வர ஒரு வாரமாகும் என்றார் நூலகர். அச்சகத்துக்கு மறுநாள் காலையில் கொடுத்தாக வேண்டும்.

ஒன்றுதானே என்று டிக் போட்டாள்.

பிறகு படிப்பு முடிந்தது, கல்யாணம் ஆயிற்று. அதே வக்கீல் தனியாக அலுவலகம் போட்டபோது, "நூத்தி நாப்பதையும் பாத்த பொண்ணாச்சே," என்று அவளையே வேலைக்குக் கூப்பிட்டார். அந்த வார்த்தை அன்று நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. இன்றுவரை அதைப் பிடுங்கிப் போடவில்லை. அதன் பிறகு பார்க்காமல் ஒரு டிக்கும் போட்டதில்லை. ஊரே கேலி செய்கிற அளவுக்கு ஒவ்வொரு பக்கத்தையும் புரட்டினாள். ஆனால் அந்தத் தொகுதி, அவள் நாற்காலியிலிருந்து மூன்றே எட்டில், ஏழாவது அலமாரியின் நடுத்தட்டில் இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறது. தூசு தட்டியிருக்கிறாள், இடம் மாற்றி அடுக்கியிருக்கிறாள். அந்தப் பக்கத்தை மட்டும் திறந்ததில்லை. சரியாகத்தான் இருக்கும், அவர் எழுதியதாயிற்றே என்று சொல்லிக்கொள்வாள். சரியாக இருக்கும் என்று நிஜமாகவே நம்புகிறவள் திறந்து பார்த்துவிட்டல்லவா போயிருப்பாள்?

இரண்டு நாள் சீனியர் சொன்ன வழியில் தேடினாள். பன்னிரண்டு கட்டுரைகள், அவற்றின் அடிக்குறிப்புகள், அவை காட்டிய தீர்ப்புகள். எல்லாம் அந்த ஒரு வரியில் போய் முட்டிக்கொண்டு நின்றன. புதிதாக எழுதியவர்கள் எல்லோரும் சீனியரின் கட்டுரையைப் பார்த்து எழுதியிருந்தார்கள். ஒருத்தரும் மூலத்துக்குப் போனதாகத் தெரியவில்லை. பழைய தொகுதிகள் கம்ப்யூட்டரில் ஏறவில்லை, எழுந்து போய்த் தேட யாருக்குப் பொழுது இருக்கிறது?

மூன்றாம் நாள் மதியம், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், எழுந்து போய்த் தொகுதியை எடுத்தாள். நின்றபடியே நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திறந்தாள். முதல் வரியே அதுதான். 'விளக்கம் கேட்டும் பதில் சொல்லாதவர் குற்றத்தை ஒப்புக்கொண்டவரே ஆவார்.' ஒரு எழுத்துப் பிசகில்லை. அப்பாடா என்று ஒரு மூச்சு வந்தது.

ஆனால் கை பழக்கதோஷத்தில் முந்தின பக்கத்தைப் புரட்டிவிட்டது. நானூற்றுப் பதினொன்றின் கடைசி வரி: 'நிர்வாகத்தின் வழக்கறிஞர் எங்கள் முன் வைத்த வாதம் பின்வருமாறு:'

அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நீதிமன்றம் சொன்னதில்லை அது, ஒரு தரப்பு வக்கீல் வாதாடியது. நானூற்றுப் பதினான்கில் நீதிமன்றம் தெள்ளத்தெளிவாகச் சொல்லியிருந்தது: 'இவ்வாதத்தை எங்களால் ஏற்க இயலாது. மௌனத்துக்கு ஆயிரம் காரணங்கள் இருக்கலாம்.' கட்டுரை எழுதிய காலத்தில் அவர் கையில் அந்த ஒற்றைப் பக்கத்தின் நகல் மட்டும் இருந்திருக்க வேண்டும். முழுசாகப் படித்திருந்தால் குழந்தைகூட இந்தத் தப்பைச் செய்யாது. அந்த ஒருவாரம் பொறுத்துத் தொகுதியைத் திறந்திருந்தால் அவளும் செய்திருக்க மாட்டாள்.

மறுபடி நானூற்றுப் பதினோராம் பக்கத்துக்கு வந்தபோதுதான் அதைக் கவனித்தாள். கடைசி வரிக்குப் பக்கத்தில், ஓரத்தில், நீலப் பென்சிலில் இரண்டு சின்னக் கோடுகள். அந்தக் கோடு யாருடையது என்று அவளுக்குத் தெரியாதா? அந்த அலுவலகத்துப் புத்தகம் எல்லாவற்றிலும் சீனியர் போடுகிற கோடு. அவர் நீலப் பென்சிலை விட்டுச் சாதாரணப் பென்சிலுக்கு மாறியே பத்துப் பதினைந்து வருஷம் இருக்கும்.

அன்று சாயங்காலம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது அவள் தட்டில் போட்டது போட்டபடி இருந்தது. வீட்டுக்காரர் ரயில்வேயில் டிக்கெட் கொடுக்கிற வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவசரப்பட்டு எதையும் கேட்கிற ஆளில்லை. அவளாகவே எல்லாவற்றையும் கொட்டினாள்.

"எனக்கு ஒரு சட்டை எடுக்கறதுன்னா மூணு கடை ஏறி எறங்குவ. வீட்டுப் பூட்ட ரெண்டு தடவ இழுத்துப் பாப்ப," என்றார் அவர். "மூணடி தள்ளி இருக்கற புஸ்தகத்த முப்பது வருஷமாப் பாக்கலையா நீ?"

"பயமா இருந்துதுங்க."

"இப்ப?"

"இப்ப அலுப்பா இருக்கு. பயப்படக்கூட முடியல."

அவர் தன் தட்டை நகர்த்தி வைத்தார். பிறகு, "அந்தப் பொண்ணு செருப்பப் பத்திச் சொன்னியே," என்றார். அவ்வளவுதான். எழுந்துபோய் அவளுக்கு வெந்நீர் போட்டுக் கொண்டுவந்து வைத்தார்.

மறுநாள் காலை தொகுதியை எடுத்துப்போய், திறந்தபடி சீனியரின் மேசைமேல் வைத்தாள். அவர் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"உக்காரும்மா," என்றார்.

"நிக்கறேன் சார். எப்பப் பாத்தீங்க?"

"பதினாறு வருஷம் இருக்கும். வேற எதுக்கோ எடுத்தேன். கண்ணுல பட்டுச்சு." குரல் இறங்கிப் போயிருந்தது. "அதுக்குள்ள ரெண்டு தீர்ப்பு வந்துடுச்சு. என் பேரச் சொன்னாலே அந்தக் கட்டுரையத்தான் சொன்னாங்க. அப்புறம் பாத்துக்கலாம்னு வச்சேன். அப்புறம்னு ஒண்ணு வரவே இல்ல."

"மூணாவது தீர்ப்பு?"

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அது அப்புறம்தான் வந்துச்சு. நான் பாத்தப்புறம்."

அவளுக்கு அவர்மேல் ஆத்திரம் வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் பாதி வழியில் அதுவும் களைத்துப் போய் நின்றுவிட்டது. எந்த வாயால் கேட்பாள்? அவர் பார்த்துவிட்டு மறைத்தார், அவள் மறைப்பதற்காகவே பார்க்காமல் இருந்தாள்.

"சுத்திக்கிட்டுப் போற வழி கெடைக்கலையா?" என்றார் சீனியர்.

"இல்ல சார். பன்னெண்டு கட்டுரை பாத்தாச்சு. எல்லாமே உங்ககிட்டதான் வந்து நிக்குது. இது ஒண்ணுதான் வழி." கையில் கொண்டுவந்திருந்த இரண்டு தாளை மேசையில் வைத்தாள். ஒவ்வொரு வழக்குக்கும் அவள் தயாரித்துக் கொடுக்கிற ஆய்வுக் குறிப்புதான். முதல் வரி இப்படி இருந்தது: 'மேற்படி கட்டுரையின் அறுபத்தோராம் அடிக்குறிப்பு தவறானது, அச்சுக்கு முன் அதைச் சரிபார்த்ததாகக் கையெழுத்திட்டவள் நான், அப்போது மூலத்தை நான் பார்க்கவில்லை.'

அவர் அதை இரண்டு முறை படித்தார்.

"உன் பேர எதுக்கு இழுக்கற? யாரும் கேக்க மாட்டாங்களே."

"கேக்க மாட்டாங்கன்னுதான் சார் ரெண்டு பேருமே இருந்துட்டோம்."

வழக்கு நாளன்று அவளும் போனாள். நீதிமன்றத்துக்குப் போகிற வழக்கமில்லை அவளுக்கு. சீனியர் கூப்பிடவுமில்லை, வேண்டாம் என்று சொல்லவுமில்லை. கடைசி வரிசையில் நர்ஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பக்கத்துக்கு ஒரு துண்டுச்சீட்டு செருகிய தொகுதியை மடியில் வைத்துக்கொண்டாள். அவர் எழுந்து என்ன பேசப்போகிறார் என்று அவளுக்கும் தெரியாது. அம்மாவின் சாவைச் சொல்லிக் கொஞ்சம் இரக்கம் தேடிவிட்டு உட்கார்ந்துவிடலாம். அப்படிச் செய்தால் நர்ஸ் தோற்பாள், கட்டுரை பிழைக்கும்.

எதிர்த்தரப்பு வக்கீல் அந்த வரியை ரசித்து ரசித்து வாசித்தார். நீதிபதியம்மா புருவத்தை உயர்த்தினார்.

"இது உங்க கட்டுரைதானே?"

சீனியர் எழுந்தார். எப்போதும் எழுந்த உடனே பேசிவிடுகிறவர், அன்று மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்துக் கையை நீட்டினார். அவள் எழுந்து தொகுதியைக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"என்னுடையதுதான். தவறானது," என்றார். "கனம் நீதிபதி அவர்கள் நானூற்றுப் பதினோராம் பக்கத்தின் கடைசி வரியிலிருந்து வாசிக்க வேண்டுகிறேன். இந்தத் தவறு எனக்குப் பதினாறு வருஷமாகத் தெரியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்."

அவளுடைய குறிப்பில் அந்தக் கடைசிப் பகுதி கிடையாது. அவராகச் சொன்னது. நீதிபதியம்மா வாசித்தார், பக்கத்தைப் புரட்டினார், நானூற்றுப் பதினான்கு வரைக்கும் வாசித்தார். எதிர்த்தரப்பு வக்கீல் நோட்டுப் புத்தகத்துக்குள் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டார். அரைமணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. நீக்கிய உத்தரவு ரத்து, ஒப்புக்கொண்டாள் என்ற சொல் ஆவணத்திலிருந்து அடிக்கப்பட வேண்டும், பதினைந்து நாளில் வேலைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும்.

வராந்தாவுக்கு வந்ததும் நர்ஸ் இரண்டு பேர் கையையும் மாறி மாறிப் பிடித்துக்கொண்டாள். என்ன நடந்தது என்று அவளுக்கு முழுசாகப் புரியவில்லை, அவளுக்கு அதைப் புரியவைக்கிற தெம்பு அவர்கள் இருவரிடமும் இல்லை. சீனியர் கறுப்பு அங்கியைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார், மடிப்பு சரியாக வராமல் மறுபடி மறுபடி மடித்தார்.

"அக்கா, ஒண்ணு கேக்கவா?" என்றாள் நர்ஸ். "இந்தத் தப்பு வரியக் காட்டி, என்ன மாதிரி வேற யாரையாவது வேலைய விட்டு அனுப்பியிருப்பாங்களா?"

"மூணு பேர்," என்றாள் அவள். எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. மூன்று தீர்ப்பையும் முந்தின வாரம் முழுக்கப் படித்திருந்தாள். ஒரு பாய்லர் ஆபரேட்டர், ஒரு பஸ் கண்டக்டர், மூன்றாவது ஒரு பள்ளிக்கூடத்து ஆயா. கடிதம் வந்தபோது அந்த ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று தீர்ப்பிலேயே இருந்தது.

நர்ஸ் கொஞ்சம் யோசித்தாள்.

"அப்ப அவங்களுக்கு யாரு சொல்லுவாங்க?"

கேட்டுவிட்டு அவள் சீனியர் முகத்தைப் பார்த்தாள், பிறகு இவள் முகத்தைப் பார்த்தாள். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பதில் சொல்லாதவர் ஒப்புக்கொண்டவர் ஆகமாட்டார் என்று சற்று முன்புதான் உள்ளே எல்லோரும் சேர்ந்து முடிவு செய்திருந்தார்கள். அந்த வராந்தாவில் நின்ற இரண்டு பேரும் பதில் சொல்லவில்லை, ஒப்புக்கொண்டுதான் நின்றார்கள்.